குடும்பக் குழு: செய்திச் சாய்வு கருவி

நான்: செய்தி எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்ட நான் செஞ்சு நேத்து அனுப்புன எக்ஸ்டென்ஷனை, அதான் பிரவுசர்ல சேக்குற சின்ன நிரலை, யாராவது போட்டுப் பாத்தீங்களா? கம்ப்யூட்டர் குரோம்ல மட்டும்தான் ஓடும், போன்ல வராது.

பெரியப்பா: போடப் போனேன்பா. எல்லா இணையதளத்துலயும் என் தரவைப் படிக்கும், மாத்தும்னு எச்சரிக்கை வந்துச்சு. பேங்க் கணக்கையும் இதே கம்ப்யூட்டர்லதான் பாக்குறேன். வேண்டாம்னு நிறுத்திட்டேன்.

நான்: நிறுத்துனது சரி பெரியப்பா. தப்பு என் மேல, தேவைக்கு மேல அனுமதி கேட்டுட்டேன். இப்ப மாத்தியாச்சு. நீங்க ஐகானை அழுத்துனா அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிக்கும். படிச்சது எதுவும் உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

சித்தி: நான் போட்டேன். தினமும் படிக்கிற தளத்துக்கு "ஒருபக்கச் சாய்வு"ன்னு சிவப்புல வந்துச்சு. உள்ளதைச் சொல்றேன், கோவம்தான் வந்துச்சு. உன் மேலயும்தான்.

அக்கா: எனக்கு நேர்மாறு. பிடிக்காத சேனலுக்குச் சிவப்பு வந்ததும் மனசு குளுந்துடுச்சு. அப்புறம் செய்தியை நான் படிக்கவே இல்லடா.

நான்: இதுக்குத்தான் பயந்தேன். 1985-ல ஸ்டான்ஃபோர்டுல வல்லோன், ராஸ், லெப்பர்னு மூணு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1982-ல லெபனானோட பெய்ரூட்ல பாலஸ்தீன அகதிகளைக் கொன்ன படுகொலை பத்தின டிவி செய்தியை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டுனாங்க. ரெண்டு பேரும் பாத்தது ஒரே செய்திதான். ஆனா ரெண்டு தரப்பும், இது எங்களுக்கு எதிரா சாஞ்சிருக்குன்னு சொன்னாங்க.

அக்கா: அப்ப நீ குத்துற முத்திரையும் அப்படித்தானே தெரியும்? ஆல்சைட்ஸ்னு ஒரு அமெரிக்கத் தளம் செய்தி நிறுவனங்களை இடது, நடு, வலதுன்னு பிரிக்குதே, அது?

நான்: அது அமெரிக்க அரசியலை வச்சுப் போட்ட கோடு அக்கா. கூட்டணி மாறி மாறி அமையுற இடத்துல எல்லாரையும் ஒரே கோட்டுல நிறுத்த முடியாது. அதோட அது நிறுவனத்துக்குக் குடுக்குற மதிப்பீடு. சாஞ்ச தளத்துலயும் ஒரு நாள் நேர்மையான செய்தி வரும்ல? அதனால முத்திரையை எடுத்துட்டேன். இனிமே சொல்லுக்கு அடியில மட்டும் கோடு.

பெரியப்பா: எந்தச் சொல்லுக்கு?

நான்: "அமைச்சர் சொன்னார்"னா பேசுனார், அவ்வளவுதான். "ஒப்புக்கொண்டார்"னா தப்பு நடந்துச்சுன்னு எழுதுறவரே முடிவு கட்டிட்டார். "அம்பலப்படுத்தினார்"னா சொன்னது உண்மைன்னு அடிச்சுச் சொல்றார். "மழுப்பினார்"னா பதில் சரியில்லைன்னு தீர்ப்பே எழுதியாச்சு. மேற்கோள் குறிக்குள்ள இருந்தா கோடு விழாது, அது பேசினவரோட சொல்.

சித்தி: செயப்பாட்டு வினையை விட்டுட்டியே! இத்தனை வருஷம் வகுப்புல அதைத்தானே நடத்துனேன். "போராட்டக்காரர்கள் மீது போலீஸ் தடியடி". "போராட்டத்தில் தடியடி நடத்தப்பட்டது". ரெண்டாவதுல அடிச்சது யாரு? ஆளே இல்ல.

நான்: சித்தி, இது அருமை! இன்னைக்கே சேக்குறேன். எனக்கு இன்னொரு உதவியும் வேணும். வெறும் சொல் பட்டியலை வச்சுத் தேடுனா தமிழ்ல சிக்கல். ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டதாக, ஒப்புக்கொள்ளவில்லைன்னு வடிவம் மாறிட்டே போகுது. கடைசியில இருக்குறது அர்த்தமே தலைகீழ்.

சித்தி: வினையடி வாரியா எழுதித் தர்றேன். எதிர்மறை எல்லாம் தனிப் பக்கம்.

பெரியப்பா: எழுதுனதுக்குக் கோடு போடுற. எழுதாம விட்டதை எப்படிக் காட்டுவ?

நான்: முடியாது பெரியப்பா. கையில இருக்குற பக்கத்தைத்தான் அது படிக்கும். அதே நிகழ்வுக்கு வேற ரெண்டு தளம் வச்ச தலைப்பைப் பக்கத்துல காட்டலாம்னு இருக்கேன். ஒருத்தர் விட்டது அங்க தெரிய வாய்ப்பிருக்கு.

அக்கா: கோடே விழாத செய்தி சுத்தமானதுன்னு ஆயிடாதா? அதுதான் எனக்குப் பெரிய கவலையா படுது.

நான்: ஆகும். "கோடு இல்லாததால் நடுநிலை என்று பொருள் இல்லை"ன்னு ஒவ்வொரு தடவையும் மேல காட்டுறேன்.

அக்கா: சின்ன எழுத்துல போட்டுடாதே.

பெரியப்பா: புதுசைப் போட்டுட்டேன். காலையில நான் இங்க ஃபார்வர்டு பண்ண செய்தியிலயே அஞ்சு கோடு. ஒரு இடத்துல "வழக்கம்போல மறுத்தார்"னு இருக்கு. "மறுத்தார்" அடியில கோடு விழுந்திருக்கு. விஷமம் "வழக்கம்போல"ல தானே இருக்கு? அதை விட்டுடுச்சுப்பா.

நான்: ஆமா பெரியப்பா, வினையை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன். அடைமொழியையும் சேக்கணும். அந்த லிங்க்கை இன்னொரு தடவை அனுப்புங்க.