மறுமொழி: தகடாகும் தன்மை, கம்பியாகும் தன்மை – ஒற்றைச் சொல் உண்டா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

உலோகத்தைத் தட்டினால் தகடாக விரியும் பண்புக்கும் இழுத்தால் கம்பியாக நீளும் பண்புக்கும் தனித்தனியே ஒற்றைச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, நாம் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. என் பங்குக்கு ஒரு மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிகிற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? தட்டினால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும். முடிந்தது கதை.

முடியவில்லை ஐயா. ஈயம் வந்து கெடுக்கிறது.

ஈயத்தைச் சுத்தியலால் தட்டினால் அப்பளமாக விரியும். எக்ஸ்ரே அறைக் கதவுக்குள் வைப்பது ஈயத்தகடுதான். அதே ஈயத்தைக் கம்பி இழுக்கும் துளைத்தகட்டில் நுழைத்து மறுபக்கம் பிடித்து இழுத்துப் பாருங்கள், சீக்கிரமே அறுந்துவிடும். இழுவிசையைத் தாங்கும் வலு அதற்குக் குறைவு. "கடையில் ஈயக்கம்பி விற்கிறதே?" என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். விற்கிறது. ஆனால் அது பெரும்பாலும் இழுத்த கம்பி இல்லை, பிதுக்கிய கம்பி. இடியாப்ப உரலில் மாவு நூலாக இறங்குகிறதே, அந்த மாதிரி பின்னாலிருந்து அழுத்தித் துளை வழியே தள்ளுகிறார்கள். ஆக, ஈயம் கம்பியாகத்தான் செய்கிறது. நாமோ அதற்குக் 'கம்பியாகும் தன்மை' குறைவு என்று எழுதிவைக்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நம் சொற்கள் கடைசியில் கையில் கிடைக்கும் பண்டத்தைச் சொல்கின்றன, அதற்குக் கொடுத்த விசையைச் சொல்லவில்லை. malleability, ductility என்ற ஆங்கிலச் சொற்களின் வேரைத் தோண்டினால் ஒன்றில் லத்தீன் சுத்தியல் இருக்கிறது, மற்றதில் இழுத்துச் செல்லும் வினை இருக்கிறது. அவர்கள் பட்டறையில் நின்று பெயர் வைத்தார்கள், நாம் பாத்திரக்கடையில் நின்று வைத்தோம்.

இது இத்தனை நாள் உறுத்தாமல் போனதற்குக் காரணம் பொன். ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ 1 சதுர மீட்டர் தகடாகத் தட்டலாம், 2 கி.மீ. கம்பியாக இழுக்கலாம் என்றுதான் எல்லாரும் பாடம் தொடங்குகிறோம். இரண்டிலும் பொன்னே முதலிடம் பெறுவதால் இரண்டும் ஒன்றுதான் போல என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

பட்டறை என்றதும் சின்ன வயது நினைவு. எங்கள் தெருக்கோடியில் கன்னார் ஒருவர் செப்புக் குடம் அடிப்பார். தட்டிக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்துவார். ஓசை மாறியிருக்கும், மந்தமாக இருந்தது கணீரென்று ஆகியிருக்கும். "செம்பு இறுகிப்போச்சு தம்பி, இனிமே அடிச்சா கீறல் விட்ரும்" என்று சொல்லி உலைக்குள் தள்ளுவார். சிவக்கக் காய்ந்ததும் தொட்டியில் முக்குவார். எடுத்தால் மறுபடி குழைவாக இருக்கும். நாலு வீடு தள்ளியிருந்த கொல்லரும் அரிவாளை இதே மாதிரிதான் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். அது மட்டும் கடினமாகிவிடும்! ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர், நேரெதிரான விளைவு. கல்லூரிக்குப் போன பிறகுதான் விடை கிடைத்தது. செம்பைக் குழைய வைப்பது சூடு மட்டும்தான், தண்ணீர் அவசரத்துக்கு. எஃகிலோ, சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் கரி அணுக்கள் வெளியேற நேரமின்றி மாட்டிக்கொண்டு இரும்பின் அணு அடுக்குகளை நகரவிடாமல் இறுக்குகின்றன.

சரி, என் முன்மொழிவு. தட்டி விரிவதற்குக் கொட்டுநெகிழ்வு, இழுத்து நீள்வதற்கு இழுநெகிழ்வு. இரண்டும் வினைத்தொகை. வார்க்காமல் அடித்தே பாத்திரம் செய்பவர்களுக்குக் கொட்டுக்கன்னார் என்று பெயர் உண்டு. 'கொட்டு' அங்கிருந்து எடுத்தது. 'இழு'வுக்கு இழுவிசை ஏற்கெனவே துணை நிற்கிறது. பெயரடையாக வேண்டுமானால் 'இழுநெகிழ் உலோகம்' என்று சுருக்கலாம். 'கம்பியாகும் தன்மையுடைய உலோகம்' என்று மூச்சுவாங்க எழுத வேண்டாம். ஈயத்துக்குக் கொட்டுநெகிழ்வு மிகுதி, இழுநெகிழ்வு குறைவு. இப்போது அந்தப் பிள்ளை கேட்கட்டும்.

> கொட்டு என்றால் தேள் கொட்டுவதுதான் நினைவுக்கு வரும். வகுப்பே சிரிக்கும்.

சிரிக்கட்டுமே. சிரித்த சொல் மறக்காது. மேளமும் கொட்டுகிறோம், மழையும் கொட்டுகிறது, குழப்பமா வந்தது?

> 'தன்மை' என்பதை ஏன் விட்டீர்கள்? எல்லாப் பண்புக்கும் பொதுவான ஈறு அல்லவா?

நல்ல கேள்வி. வேண்டுமென்றேதான் விட்டேன். தன்மை என்றால் தன்னிடம் இயல்பாகவே இருப்பது. துத்தநாகத்தைப் பாருங்கள்: அறை வெப்பத்தில் தட்டினால் விரிசல் விடும், 100 முதல் 150 டிகிரி செல்சியசுக்குள் சுடவைத்தால் பணிந்து தகடாகும், 200-ஐத் தாண்டினால் மறுபடி நொறுங்கும். இதில் எது அதன் 'தன்மை'?

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், 'நெகிழ்வு' என்றதற்கு அதுதான் நியாயம். உலோக அணுக்கள் தம் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன. எந்த அணுவுக்கும் சொந்தமில்லாத அந்த எலக்ட்ரான்கள்தாம் மின்சாரத்தைக் கடத்துவதும் பளபளப்பைத் தருவதும். அடி விழுந்து ஓர் அடுக்கு நழுவினாலும் பொதுவிலிருக்கும் எலக்ட்ரான்கள் பிணைப்பை விடுவதில்லை. வகுப்பில் நான் கல்லுப்பு ஒன்றையும் செப்புக்கம்பித் துண்டு ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒரே சுத்தியலால் தட்டிக் காட்டுவேன். உப்பில் அடுக்கு நழுவினால் நேரயனிக்கு (நேர்மின்னேற்றம் கொண்ட அணுவுக்கு) எதிரே நேரயனி வந்து நிற்கும், ஒன்றையொன்று தள்ளும், பொடியாகிவிடும். கம்பி சப்பையாகும், அவ்வளவுதான். பொன், வெள்ளி, செம்பு, அலுமினியம் நான்கும் முகப்பு மைய கனசதுர அடுக்கில் (கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு) இருப்பவை, நழுவப் பாதைகள் நிறைய. துத்தநாகத்தின் அறுங்கோண அடுக்கில் பாதை குறைவு, சூடு ஏறினால்தான் கூடுதல் வழி திறக்கும்.

> எங்கட புத்தகத்தில தனிமம் இல்லை, மூலகம். கனிம வேதியியல் இல்லை, அசேதன இரசாயனம். நீங்கள் ஆக்கிற சொல் ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தவேணும்.

யாழ்ப்பாணத்து அக்கா சொல்வது சரி. கொட்டும் இழுவும் நெகிழ்வும் இரு கரையிலும் புழங்குகிற சொற்கள்தானே, தடை இருக்காது என்று நம்புகிறேன். துறையின் பெயரில் எனக்கே இரண்டு மனம். 'கனிமம்' என்றால் மண்ணில் தோண்டி எடுப்பது என்ற பொருள் குறுக்கே வருகிறது. 'அசேதனம்' என்றால் உயிரற்றது. உயிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்க முடியாது என்று நம்பிய காலத்தின் பிரிவினை அது. 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து, சிறுநீரில் இருக்கும் யூரியாவை எடுத்தபோதே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது, பெயர் மட்டும் பல மொழிகளில் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

பள்ளிப் புத்தகத்தில் 'தகடாகும் தன்மை' விளக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வழக்கில்லை. அருஞ்சொல் பட்டியலில் மட்டும் புதியவை ஏறட்டும்.

கடைசியாக ஒன்று. கன்னார் சொன்னாரே "இறுகிப்போச்சு" என்று, அடிக்க அடிக்க உலோகம் கெட்டிப்படுவது, அதற்கு நம் பட்டியலில் நல்ல சொல்லே இல்லை. 'கொட்டிறுக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் கம்பி இழுக்கும்போதும் இறுகுகிறதே என்று நானே அடித்துவிட்டேன். உங்கள் ஊரில் பாத்திரப் பட்டறையோ நகைப் பட்டறையோ இருந்தால் போய்க் காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். தனி இழையில், இதில் கோக்க வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்