முடிவு வந்ததற்கும் சபை கூடியதற்கும் நடுவில் ஜெயித்தவர்கள் எம்.பி.யா, இல்லையா?

கடைசிபெஞ்ச்:
2024 மக்களவைத் தேர்தல் முடிவு ஜூன் 4 வந்தது. மோடி ஜூன் 9 பதவியேற்றார். ஆனால் மக்களவை கூடியது ஜூன் 24-இல்தான், பெரும்பாலான எம்.பி.க்கள் உறுதிமொழி எடுத்ததும் அன்றும் மறுநாளும்தான். அப்படியானால் நடுவில் இருந்த இருபது நாளில் ஜெயித்தவர்கள் யார்? "உறுதிமொழி எடுத்தால்தான் எம்.பி., அதுவரை வெறும் வெற்றி வேட்பாளர்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சபையே கூடாதபோது பிரதமர் மட்டும் எப்படி முதலில் வருகிறார்? ஜெயிலில் இருந்தே ஜெயித்தார்களே இரண்டு பேர், அவர்கள் கணக்கு என்ன?

வாக்குச்சாவடி:
நண்பர் சொல்வது தப்பு. தேர்தல் நடத்தும் அலுவலர் "இவர் வெற்றி பெற்றார்" என்று அறிவிக்கும் நாள்தான் சட்டப்படி ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 67ஏ. அதற்குப் பிறகு தேர்தல் ஆணையம் எல்லாப் பெயரையும் அரசிதழில் வெளியிட்டதும் புதிய சபை அமைந்துவிட்டதாக அர்த்தம். அந்த அறிவிக்கையை ஜூன் 6 அன்று ஆணையர்கள் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தார்கள். பழைய சபை அதற்கு முந்தைய நாளே கலைக்கப்பட்டுவிட்டது.

பிரதமர் விஷயம் இன்னும் எளிது. பெரும்பான்மை யாருக்கு என்று குடியரசுத் தலைவர் பார்த்து அழைக்கிறார், அதற்குச் சபை கூடியிருக்க வேண்டியதில்லை. பா.ஜ.க.வுக்குத் தனியாக 240-தான், பெரும்பான்மைக்கு வேண்டிய 272 இல்லை, அதனால் கூட்டணிக் கட்சிகளின் ஆதரவோடு 293 என்று கணக்குக் காட்டினார்கள்.

திண்ணைப்பேச்சு:
சரி, ஆனால் உறுதிமொழி சும்மா சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அரசியலமைப்பு 99-ஆவது பிரிவு, "தன் இருக்கையில் அமரும் முன்" எடுக்கச் சொல்கிறது. எடுக்காமல் போய் உட்கார்ந்தாலோ ஓட்டுப் போட்டாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம், 104-ஆவது பிரிவு. 1950-இல் நடைமுறைக்கு வந்த தொகை, இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரும். ஆக எம்.பி. ஆக்குவது தேர்தல், சபைக்குள் உட்கார வைப்பது உறுதிமொழி.

ஆதாரம் வேண்டுமா? ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் ஜெயித்தார். 14 நாளுக்குள் ஒன்றை விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே போய்விடும். சபை கூடுவதற்கு முன்பே வயநாட்டை ராஜினாமா செய்தார். எம்.பி.யே இல்லாதவர் எதை ராஜினாமா செய்வார்? இதை உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

கடைசிபெஞ்ச்:
அட, இது தோன்றவே இல்லையே. ஆனால் அந்தக் கடிதம் சபாநாயகருக்குத்தானே போக வேண்டும்? சபையைக் கலைத்தாகிவிட்டது, சபாநாயகர் ஏது?

திண்ணைப்பேச்சு:
இருப்பார். சபை கலைந்தாலும் சபாநாயகர் பதவி போகாது, அடுத்த சபையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை அவரேதான், 94-ஆவது பிரிவு. அதனால் ஜூன் 24 காலைவரை ஓம் பிர்லாதான். அதன்பிறகு நாற்காலி காலி, அதற்காகத்தான் தற்காலிக சபாநாயகர். பா.ஜ.க. எம்.பி. பர்த்ருஹரி மஹ்தாபுக்குக் குடியரசுத் தலைவர் உறுதிமொழி செய்துவைத்தார், அவர் மற்றவர்களுக்குச் செய்துவைத்தார்.

இதிலும் சண்டை வந்தது. எட்டு முறை எம்.பி.யான தங்கள் கட்சியின் கொடிக்குன்னில் சுரேஷை விட்டுவிட்டு ஏழு முறை ஜெயித்தவரைப் போட்டது ஏன் என்று காங்கிரஸ் கேட்டது, மஹ்தாப் இடைவெளியில்லாமல் ஏழு முறை என்று அரசு சொன்னது. என்னைக் கேட்டால் மூத்தவருக்கு என்பது சட்டமில்லை, மரபுதான், மரபை வளைக்க எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும். ஜூன் 26 அன்று அதே சுரேஷ் சபாநாயகர் தேர்தலில் பிர்லாவுக்கு எதிராக நின்றார், குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்தது, எதிர்க்கட்சிகள் எண்ணச் சொல்லி வற்புறுத்தவில்லை.

ஓட்டுக்காரன்:
ஜெயில் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பாரமுல்லாவில் ஜெயித்த ரஷீத், கடூர் சாகிபில் ஜெயித்த அம்ரித்பால் சிங், இருவரும் ஜூலை 5 அன்று பரோலில் வந்து சபாநாயகர் அறையில் உறுதிமொழி எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதுவரையும் அவர்கள் எம்.பி.தான், உள்ளே உட்கார முடியாத எம்.பி. சபையின் அனுமதி இல்லாமல் 60 நாள் வராவிட்டால் அந்த இடம் காலி என்று சபை அறிவிக்கலாம், சும்மா தானாகப் போகாது.

கேட்காமலே இன்னொன்று. 93-ஆவது பிரிவு துணை சபாநாயகரையும் "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, கெடு எதுவும் இல்லை. 16-ஆவது மக்களவையில் நம்ம தம்பிதுரை இருந்தார். 17-ஆவதில் ஐந்து வருஷமும் ஒருவரும் இல்லை. சபை அமைவதைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கடைசிபெஞ்ச்:
நன்றி. கடைசியாக ஒன்று, ஐந்து வருஷம் எந்த நாளிலிருந்து, ஜூன் 4-ஆ 24-ஆ?

வாக்குச்சாவடி:
முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து. ஜூன் 24.