ஹில்குரோவ் ஸ்டேஷன்ல மலை ரயில் எதுக்கு அவ்ளோ நேரம் நிக்குது?

கேள்வி:
அடுத்த மாசம் அப்பா அம்மாவ மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயில்ல கூட்டிட்டு போறேன். வீடியோல பாத்தா கல்லாறு தாண்டி காட்டுக்குள்ள ஹில்குரோவ்னு ஒரு குட்டி ஸ்டேஷன், பக்கத்துல ஊர்னு எதுவுமே தெரியல, ஆனா எல்லாரும் இறங்கி டீ குடிச்சிட்டு நிக்கிறாங்க. ஊரே இல்லாத இடத்துல ஸ்டேஷன் எதுக்கு? அப்பாவுக்கு முட்டி வலி வேற, இறங்காம உக்காந்துட்டா பரவால்லயா?

பதில் 1:
எஞ்சினுக்கு தண்ணி பிடிக்கத்தாங்க. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் சட்டம் போட்ருப்பாங்க, எஞ்சின்ல இருக்கற பல் சக்கரம் அதுல மாட்டிக்கிட்டுத்தான் ஏறும், சுமார் 12 அடிக்கு 1 அடி ஏத்தம், மொத்த ரயிலையும் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே போகணும், நீராவி அப்படி செலவாகும், அதான் வழியில நின்னு நின்னு டேங்க்க ரொப்பிக்கிறாங்க. குன்னூர் வரைக்கும் 1899லயே ரயில் வந்துடுச்சு, ஊட்டிக்கு 1908ல.

பதில் 2:
எல்லாத்தையும் டீசலா மாத்திட்டா இந்த நேரம் மிச்சம்தானே? குன்னூருக்கு மேல டீசல்தான ஓடுது.

பதில் 1:
குன்னூருக்கு மேல பல் சட்டமே கிடையாது, அங்க டீசல் சரி. கீழ ஓடுற எக்ஸ் கிளாஸ் எஞ்சின் வேற ரகம், அதுல 4 சிலிண்டர், 2 சிலிண்டர் சாதாரண சக்கரத்த சுத்தும், அதுல வேலை செஞ்ச நீராவியே ஏத்தத்துல மத்த 2 சிலிண்டருக்கு போயி பல் சக்கரத்த சுத்தும், ஒரே நீராவிய ரெண்டு தடவ வேலை வாங்குறாங்க! ஆரம்பத்துல சுவிட்சர்லாந்துல இருந்து வந்த டிசைன், இப்ப நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்லயே புதுசா செய்றாங்க. 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்ததுக்கு இதெல்லாம்தான் காரணம், அத எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு சொல்லுங்க.

பதில் 3:
அப்பாவ பத்தி கேட்டீங்களே, உக்காந்தே இருக்கலாம், ஜன்னல் வழியாவே பள்ளத்தாக்கு தெரியும். ஆனா ஒண்ணு, பெட்டிக்குள்ள பாத்ரூம் கிடையாது, பெட்டி விட்டு பெட்டி போகவும் வழி இல்ல, அதனால பெரியவங்கள வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல போயிட்டு வரச் சொல்லிடுங்க. கையில தின்பண்டத்தோட இறங்காதீங்க, குரங்கு பறிச்சிடும். எஞ்சின் பின்னாடி இருக்கறதால முன் பெட்டியில இடம் கெடச்சா வழி முழுக்க நேரா தெரியும், அங்க கொடியோட நிக்கிறவர்தான் பாதைய பாத்து டிரைவருக்கு சிக்னல் குடுப்பாரு, அவர் வேலைய அம்மா அப்பாவுக்கு காட்டுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. நவம்பர்ல போறோம், மழை பிரச்சனை இருக்குமா?

பதில் 3:
இருக்கும். வடகிழக்கு மழையில மண் சரிஞ்சு பாதையில விழுந்தா கல்லாறு - குன்னூர் பக்கம்தான் மொதல்ல அடி வாங்கும், ரயில நிறுத்திடுவாங்க. ஜனவரிக்கு தள்ள முடிஞ்சா தள்ளிடுங்க, இல்லன்னா முந்தின நாள் ஓடுதான்னு பாத்துட்டு கெளம்புங்க.