செஷனுக்குள் ஆப்ஜெக்ட்டுகளை அடுக்கி வைத்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தறி எழுதியது:
பைதான் மொழியின் வலைத்தளக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதப்பட்ட ஒரு விற்பனைத் தளத்தின் பராமரிப்பு எங்களிடம் வந்தபோது, கூடையில் முதல் பொருள் மட்டும் நிற்கிறது, அடுத்துச் சேர்ப்பவை காணாமல் போகின்றன என்ற புகாரும் கூடவே வந்தது. செஷனுக்குள், அதாவது ஒரு பயனரின் விவரங்களைப் பக்கம்விட்டுப் பக்கம் தளம் நினைவில் வைக்கும் இடத்துக்குள், கூடை ஒரு டிக்ஷனரியாகவும் (கீயும் அதன் மதிப்புமாக அமைந்த தொகுப்பு), அதற்குள் ஒவ்வொரு பொருளும் இன்னொரு டிக்ஷனரியாகவும் இருந்தன. பொருளைச் சேர்க்கும் வியூவின் (ரெக்வெஸ்டைக் கையாளும் நிரல்பகுதி) கடைசி வரியில் கூடையை அச்சிட்டுப் பார்த்தேன்; லாகில் இரண்டு பொருள்கள் தெரிந்தன. அடுத்த பக்கம் திறந்ததும் அதற்கு நேர் கீழே விழுந்த வரியில் ஒன்றுதான் இருந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. மேல்மட்டக் கீ ஒன்றுக்கு நேரடியாக மதிப்புக் கொடுத்தாலோ அதை நீக்கினாலோதான் செஷன் மாறியதாக ஜாங்கோ குறித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் டிக்ஷனரியில் நடப்பது அதற்குத் தெரிவதில்லை. முதல் பொருளின்போது கூடையே புதிதாக உருவானதால் அது மட்டும் தப்பியது. செஷனின் மாடிஃபைட் பண்பை ட்ரூ ஆக்கியதும் சரியாகிவிட்டது. முன்பு எழுதியவர்களின் கணினியில், ஒவ்வொரு ரெக்வெஸ்டிலும் செஷனைச் சேமிக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருந்ததால் அவர்கள் இதைப் பார்க்கவே இல்லை.

மேலைக்காற்று எழுதியது:
எனக்கு நேர்ந்தது பிஎச்பி மொழியில். ஆர்டர் ஆப்ஜெக்ட்டுக்குள் முகவரி ஆப்ஜெக்ட், இரண்டும் செஷனில். எல்லாப் பக்கங்களும் ஓடின, ரசீது அச்சிடும் பக்கம் மட்டும் விழுந்தது. உள்ளடக்கத்தை அச்சிடும் வார்_டம்ப் செய்து பார்த்தால் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் கிளாஸின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிஎச்பி இன்கம்ப்ளீட் கிளாஸ்’ என்று நின்றது. அந்தத் திரை இன்னும் என் கண்முன் இருக்கிறது, ஏனெனில் தரவு முழுவதும் கையில் இருந்தும் அதன் ஒரு மெத்தடைக்கூட அழைக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில், செஷனைத் திறக்கும் செஷன்_ஸ்டார்ட்டுக்கு முன்பு ஆர்டர் கிளாஸின் கோப்பு மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது. முகவரி கிளாஸின் கோப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

நிரல்நெசவு எழுதியது:
தறி அவர்கள் சொன்னது பாதித் தீர்வு என்றே நான் கருதுகிறேன். ஜாவா சர்வரான டாம்கேட்டில் ஓடிய ஒரு பழைய செயலியில், சர்வரை மீண்டும் தொடங்கியபின் பயனர்கள் உள்நுழைந்த நிலையிலேயே திரும்பினார்கள், கூடைகள் மட்டும் போய்விட்டன. கூடைக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு தரவுத்தள இணைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, அதை சீரியலைஸ் செய்ய, அதாவது சேமிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, முடியாது. வெளிப்புற கிளாஸ் சீரியலைசபிள் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால் கம்பைலர் எதையும் சொல்லவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது: செஷனில் பொருளின் எண்ணையும் அளவையும் மட்டும் வையுங்கள். விலையைத் தரவுத்தளத்திலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய விலையில் இன்று பில் போடுவீர்கள். ஜாங்கோவின் செஷன் குக்கீ இயல்பாக இரண்டு வாரம், அதாவது 12,09,600 நொடிகள், வாழ்கிறது. அதற்குள் நீங்கள் கிளாஸை மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றினால், பழைய வடிவத்தில் உறைந்த ஆப்ஜெக்ட்டுகள் புதிய நிரலிடம் வந்து நிற்கும். பைதான் ஆப்ஜெக்ட்டுகளை அப்படியே சேமிக்கும் பிக்கிள் பக்கம் போகவே வேண்டாம். 2013இல் வந்த 1.6 பதிப்பிலேயே ஜாங்கோ, வெறும் எழுத்தாகத் தரவை எழுதும் ஜேசானை இயல்பாக்கிவிட்டது, 2023இன் 5.0 பதிப்பில் பிக்கிள் சீரியலைசரை நீக்கியும்விட்டது. குக்கீயில் செஷனை வைத்து, அதற்குக் கையொப்பமிடும் ரகசியக் கீ கசிந்தால், வெளியாள் பிக்கிள் வழியாக உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்டிவிட முடியும் என்பதே காரணம்.

வெண்பலகை எழுதியது:
எண்ணும் அளவும் மட்டும் வைத்த கூடையிலும் ஒரு பொறி இருக்கிறது. பொருள் 7ஐ எத்தனை முறை சேர்த்தாலும் அளவு 1ஐத் தாண்டவில்லை. ஜேசானில் கீ எப்போதும் ஸ்ட்ரிங்தான் என்பதால், சேமித்துத் திரும்பும்போது எண் 7 ஸ்ட்ரிங் ‘7’ ஆகிறது. நிரல் எண் 7ஐத் தேடி, காணாமல், புதிதாக ஒன்று சேர்க்கிறது. தரவுத்தளத்தில் இருந்த செஷனைப் பிரித்தபோது ஒரே அடைப்புக்குள் ‘7’ என்ற கீ அடுத்தடுத்து இருமுறை நின்றது. படிக்கும்போது பிந்தையதே வெல்லும், அதன் மதிப்பு 1. கீயை எப்போதும் ஸ்ட்ரிங்காக மாற்றிய பிறகே தேட வேண்டும்.

மேலைக்காற்று எழுதியது:
நிரல்நெசவு அவர்களே, கூடைக்கு உங்கள் விதி பொருந்தும். பல பக்கங்கள் கொண்ட விண்ணப்பத்தில், குடும்ப உறுப்பினர், அவர்களின் ஆவணங்கள் என்று அடுக்கடுக்காக வருபவற்றுக்குத் தரவுத்தளத்தில் இன்னும் எண்ணே பிறந்திருக்காது. அப்படி ஒரு ஜாங்கோ பணியில், ஒரே விண்ணப்பத்தை இரண்டு டேபில் திறந்தவரின் மகள் விவரம் மறைந்துபோனது. இரண்டு ரெக்வெஸ்டும் முழு செஷனையும் படித்து, முழுதாகவே திரும்ப எழுதியதால், பிந்தியது முந்தியதை அழித்தது. பிஎச்பியின் கோப்பு செஷனில் பூட்டு உண்டு, இரண்டாவது ரெக்வெஸ்ட் காத்திருக்கும். ஜாங்கோவில் அந்தக் காத்திருப்பு இல்லை. முடிவில் வரைவு விண்ணப்பங்களுக்கென்று தனி அட்டவணை அமைத்து, உறுப்பினருக்கு ஒரு வரிசையாக எழுதி, வரைவின் எண்ணை மட்டும் செஷனில் வைத்தோம். கைவிடப்பட்ட வரைவுகளை இரவில் நீக்கும் பணியையும் அதற்காக எழுத வேண்டியிருந்தது.