பாதியில் வீட்டைக் காலி செய்தவர்கள் சொல்லுங்கள்: அட்வான்ஸ் திரும்பி வந்ததா?

மடிப்பாக்கம் வாசகி:
கணவருக்குத் திடீரென்று கோவைக்கு மாற்றல். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம்தான், லாக்-இன் (இடையில் காலி செய்யக் கூடாது என்று எழுதிய காலம்) முடியச் சில மாதங்கள் பாக்கி. சாவி கொடுக்கப் போன அன்று வீட்டுக்காரர் பென்சிலோடு அறை அறையாக நடந்து, சுவரில் இருந்த ஆணித் துளைகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டார். கூடத்துத் தொட்டில் கொக்கி நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அதையும் கணக்கில் சேர்த்தார். "அது உங்கள் வீட்டுக் கொக்கி தம்பி" என்றார் மாமியார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயின்டுக்கு ஒரு மாத வாடகை, பாக்கி மாதங்களின் வாடகை எல்லாவற்றையும் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அடுத்த வாரமே அங்கு வேறு குடும்பம் குடிவந்துவிட்டது. எனக்கு ஆறவே இல்லை.

ஜூரோங் தமிழன்:
கையெழுத்திட்ட ஷரத்துக்கு வீட்டுக்காரரைக் குறை சொல்வது சரியல்ல, சகோதரி. சிங்கப்பூரில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் 'டிப்ளமேடிக் கிளாஸ்' என்ற ஷரத்தைக் கேட்டு வாங்குவோம். ஓராண்டு கழிந்தபின் வேலை போனாலோ வெளிநாட்டுக்கு மாற்றலானாலோ, பெரும்பாலும் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம். ஆட்குறைப்பில் என் வேலை போனபோது கடிதத்தைக் காட்டினேன். வீட்டுக்காரம்மா படித்துவிட்டு, "பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

முடிச்சூர் பெரியவர்:
ஜூரோங் தம்பி, சென்னையில் அப்படி ஒரு ஷரத்தைக் கேட்டால் வீடே கிடைக்காது. 2015 வெள்ளத்தில் சுவிட்ச் உயரத்துக்குச் சேறு நின்ற வீட்டுக்கு என்னிடம் நோட்டீஸ் மாத வாடகை கேட்டார்கள். வெள்ளத்தாலோ தீயாலோ வீடு நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையை, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108 தருகிறது.

அம்மா, உங்களுக்கு உதவக்கூடியது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74. ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று எழுதியிருந்தாலும் அந்தத் தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டபிறகு எத்தனை மாத இழப்பு அவருக்கு? புதியவர் குடிவந்த தேதிக்கு ஆதாரம் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் இருக்கிறது. ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இனி வீடு எடுக்கும் எவரும் குடிபோகும் நாளிலேயே சுவர்களைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

மடிப்பாக்கம் வாசகி:
ஐயா, குடிபோன அன்று பால் காய்ச்சியபோது எடுத்த படத்தில் அந்தக் கொக்கி தெரிகிறது. திங்கள்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம்.