ஊரைவிட்டு ஓடும்போது கோயிலிலிருந்து எதைக் கொண்டுபோனீர்கள்?

மன்னார், அடம்பன் பக்கம்

எங்கள் அம்மம்மா கண்ணை மூடும் வரைக்கும் தலையணைக்குக் கீழே ஒரு யூரியாப் பையை மடித்து வைத்திருந்தார். 1990இல் சண்டையால் ஊரைவிட்டு ஓடும்போது எங்கள் சின்னக் கோயிலின் அந்தோனியார் சுருவத்தை அந்தப் பையில்தான் கொண்டுபோனார். சுருவம் என்றால் சிலை, ஒன்றரை அடி மரத்தில் செய்தது. தன்னுடைய கூறைச் சேலையால் சுற்றிப் பைக்குள் இறக்கி, வாயைக் கயிற்றால் கட்டி, பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு மடு மாதா கோயிலுக்கு நடந்தார். அரிசி மூட்டை மாமாவின் தலையில். ஏழு வயதான நான் அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் போனேன்.

அந்தோனியார் கையில் இருக்கும் யேசுபாலனின் சுண்டுவிரல் வழியில் முறிந்துவிட்டது. அம்மம்மா பையைக் கவிழ்த்துத் தேடி அதை எடுத்து, கொட்டைப்பெட்டிக்குள் பாக்கோடு போட்டு வைத்தார். இன்றைக்கும் அந்த விரல் எங்களிடம் இருக்கிறது. ஒட்ட வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மடுக் கோயில் வளவில் அப்போது ஆயிரக்கணக்கான சனம். ஓடி வந்த ஒவ்வொரு ஊரும் தன் சுருவத்தோடு வந்திருந்தது. எங்கள் கொட்டிலில் அந்தோனியார், பக்கத்து வரிசையில் செபஸ்தியார், அதற்கு அங்கால் சந்தியோகுமையோர். பொழுதுபட்டால் வரிசைக்கு வரிசை செபமாலை கேட்கும். அந்தோனியார் திருநாளான ஜூன் 13 வந்தபோது எங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பாலைக் கம்பை நட்டுக் கொடி ஏற்றினோம். மற்ற ஊர்ச் சனமும் வந்து நின்று பாடியது.

மடு மாதாவும் இடம்பெயர்ந்து வந்தவர்தான் என்று அம்மம்மா அடிக்கடி சொல்லுவார். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் வைத்தன என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த கதை. 1924 ஜூலை 2 அன்று பாப்பரசரின் பேரால் முடிசூட்டப்பட்டதும் அந்தச் சுருவம்தான். 2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வந்தபோது சுவாமிமார் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். 338 வருடத்துக்குப் பிறகு மாதாவுக்கு மறுபடியும் இடப்பெயர்வு. ஓகஸ்டில் திரும்பி வந்தார்.

1999 நவம்பர் 20 இரவு மடுக் கோயிலில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் நாற்பது பேரளவில் இறந்தார்கள். அந்த இரவைப் பற்றி மட்டும் அம்மம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் எதை எடுத்துப் போனீர்கள்? அம்மம்மாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

சில்லாலை, இப்போது கனடா

எங்கள் பக்கம் சுருவம் இல்லை, புத்தகம். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு அடி வைப்பதும் நிற்பதுமாக விடிய விடிய நடந்தோம். பெரியப்பா கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பராக இருந்தவர். சைக்கிள் கரியரில் பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு பொதி கட்டியிருந்தார். உடுப்பு என்றுதான் நினைத்தேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதை அவிழ்த்தபோது பார்த்தால் ஞானஸ்நானப் பதிவேடு! பழைய பக்கங்களில் எழுத்து இலத்தீனில் இருந்தது, மை கபில நிறமாகிவிட்டது.

"சுருவத்தைக் கொண்டுவந்திருக்கலாமே பெரியப்பா" என்றேன்.

"சுருவம் உடைஞ்சா வேற செய்விக்கலாம். இது போனா உன்ர பூட்டன் ஆரெண்டு உனக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்கு எங்கள் ஊரில் காரணம் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. 1687இல் யோசேப் வாஸ் சுவாமியார் கோவாவிலிருந்து வந்து சேரும் வரைக்கும், முப்பது வருடத்துக்குக் கிட்ட, சுவாமியார் இல்லாமல் கிடந்த சனம் நாங்கள். பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு அவர் வீடு வீடாகப் போனாராம். அந்தச் செபமாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தாராம். அவரை ஒளித்து வைத்த ஊர் சில்லாலை. குரு இல்லாத காலத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்ததும் பேர் வைத்ததும் செபம் சொல்லிக்கொடுத்ததும் ஊர்ப் பெரியவர்கள்தான். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் யோசேப் வாஸ் சுவாமியாரைப் புனிதராக்கியபோது நான் இங்கே குளிரில் இருந்தபடி நேரலையில் பார்த்தேன். பெரியப்பா உயிரோடு இல்லை.

அந்தப் பதிவேட்டால் வந்த நன்மையையும் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த எத்தனையோ பேர் பிறகு அதிலிருந்து தங்கள் பேரை எடுத்துப் போய்க் காட்டித்தான் பத்திரம் எடுத்தார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

வவுனியா

நான் சைவம். இந்தக் கேள்வி எங்களுக்கில்லை என்று தெரியும், என்றாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் மடு மண் எப்போதும் இருந்தது. பாம்பு தீண்டாது என்று அப்பா காட்டுக்குப் போகும்போது கொஞ்சம் மடியில் முடிந்துகொள்வார். ஓடும்போது அம்மா எடுத்த பொருள்களில் அந்தப் போத்தலும் ஒன்று. ஓகஸ்ட் 15 திருநாளுக்கு நேர்த்தி வைத்து வருடா வருடம் போய்க் காட்டில் கொட்டில் போட்டுத் தங்குவோம். அங்கே வேதக்காரர் (கிறிஸ்தவர்), சைவம், சிங்களச் சனம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

மல்லாவி

நாங்கள் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக முடியவில்லை. ஒவ்வொரு இடமாக விட்டு விட்டு, கடைசியில் மெனிக்பாம் அகதி முகாமுக்கு வந்தபோது உடுத்திருந்ததுதான் மிச்சம்.

2009 ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. முகாமில் எங்கள் கூடாரத்தில் பதினைந்து பேர். வெயிலில் தறப்பாள் நெருப்பாய்க் கொதித்தது. மூன்று மணி இருக்கும், மூலையில் படுத்திருந்த ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்குபவர், எழுந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் ஊரவர் இல்லை. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் மகனைப் பறிகொடுத்தவர். வியாகுலப் பிரசங்கத்தைப் பாடத் தொடங்கினார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற கோவாக் குருவானவர் 300 வருடத்துக்கு முன் தமிழில் எழுதியது அது. மாதா மகனை இழந்து அழுவதை ஒப்பாரி ராகத்தில் நீட்டி நீட்டி வாசிப்பார்கள். சின்ன வயதில் பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் கேட்டால் எனக்கு நித்திரை வரும். அண்ணாவியார் கையில் புத்தகம் இல்லை. ஒரு அடியை முடித்து நிறுத்துவார், மூச்சு எடுப்பார், அடுத்த அடி தானாக வரும். ஒரு இடத்தில் குரல் அடைத்து நின்றுவிட்டது. அப்போது பக்கத்துக் கூடாரத்திலிருந்து, தறப்பாளுக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு பெண் குரல் அந்த அடியை எடுத்துப் பாடியது. யார் என்று தெரியாது. அவர் பாடி முடித்த இடத்திலிருந்து அண்ணாவியார் தொடர்ந்தார்.

தண்ணீர் வரிசையில் நின்றவர்களெல்லாம் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அதற்கு முதல் எங்களில் பலருக்கு அழுகையே வந்திருக்கவில்லை. நான் என் தங்கைக்காக அழுதது அன்றைக்குத்தான்.

இரணைமாதா நகர்

நாங்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தவர்கள். 1992இல் இரணைதீவை விட்டு வள்ளம் ஏறும்போது, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சுருவத்தை எடுப்போமா என்று கேட்டதற்கு அம்மா, "வேண்டாம், ஊருக்குக் காவல் வேணும்" என்றார். மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு வந்தோம்.

26 வருடம். 2018 ஏப்ரல் 23 அன்று வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு நாங்களே திரும்பிப் போனோம். கரையில் இறங்கிய எல்லாரும் முதலில் கோயிலுக்குத்தான் நடந்தோம். வீடுகள் இருந்த இடமெல்லாம் பற்றை. நாங்கள் விட்டுப்போன மாடுகளின் பேரன் பேத்திகள் காட்டு மாடாகி எங்களைப் பார்த்து ஓடின. கோயிலுக்குள்ளும் சாணம். பெண்கள் குழை ஒடித்துக் கூட்டினார்கள். மாடத்தில் சுருவம் இல்லை. அம்மா சேலைத் தலைப்பால் மாடத்தைத் துடைத்தார். கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி அதில் வைத்துவிட்டு, "சரி, தொடங்குங்கோ" என்றார். அன்றிரவு தீவிலேயே படுத்தோம்.