சம்பளத்துக்கு ஆடுகிறவனோடு பார்க்கில் பாஸ்கெட்பால் ஆடியதுண்டா?

ஜெர்சிவாசி

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பார்க். தார்த் தரை, சங்கிலி வலை, ஞாயிறு காலைக் கூட்டம். 11 பாயிண்ட், போட்டவனுக்கே மறுபடி பந்து. அங்கே ஒரு பையனை ராஜா என்றே கூப்பிடுவோம். அவனுடைய கிராஸ்ஓவரில், அதாவது பந்தைச் சட்டென்று ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டித் திசை மாறுவதில், நானே இரண்டு தடவை தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு ஐரோப்பாவில் ஏதோ இரண்டாம் டிவிஷனில் ஆடுகிற ஒருவன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். ஆள் ஆறடி மூன்று இருப்பான், அவ்வளவுதான். ஆபீசில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒண்டிக்கு ஒண்டி. முதல் பந்து ராஜாவுக்கு. கால் நடுவே இரண்டு தட்டு, முதுகுக்குப் பின்னால் ஒன்று, தோளை ஒரு ஆட்டு, அப்புறம் அந்த கிராஸ்ஓவர். எதிரே நின்றவன் ஏமாறவே இல்லை. அவன் கண் பந்தில் இல்லை, ராஜாவின் இடுப்பில் இருந்தது. பக்கவாட்டில் இரண்டு சின்ன அடி வைத்தான். போக வழியில்லாமல் ராஜா பந்து தட்டுவதை நிறுத்தி, பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சுற்றி இருந்த இருபது பேரிடமும் சத்தமே இல்லை.

11-1. அந்த ஒன்றும் போர்டில் பட்டு, ரிங்கில் ஆடி, போனால் போகட்டும் என்று விழுந்தது. மற்றவன் போட்டபோதெல்லாம் சங்கிலி ஒரே மாதிரி 'சளக்' என்றது.

முடிந்ததும் நான் ஓடிப் போய் அந்த ப்ரோவுக்கு, அதான் சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கு, கை கொடுத்தேன். ராஜா தண்ணீர் பாட்டிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

எழும்பூர் பழசு

எனக்கும் ஒன்று உண்டு, ஆனால் சென்னையில். நம் ஊரில் ப்ரோ என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை, சாயங்காலம் பிராக்டீஸ். அப்படி ஒருத்தர், நாற்பதைத் தொட்டவர், தொப்பை, இரண்டு முட்டியிலும் நீ-கேப். நாங்கள் காலேஜ் பசங்க, ரிங்கைத் தொடுவோம். அங்கிள் ஆடுறாராம் என்று சிரித்தோம்.

அவர் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. ஷாட் கிளம்பியதும் திரும்பி, முதுகை என் மேல் சாய்த்து ஒரு அடி பின்னால் வைப்பார். சுவரில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பந்து ரிங்கில் பட்டு அவர் கையிலேயே வந்து விழும். நாலாவது தடவை திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, மேல பாக்காத. என்னப் பாரு."

ரீபவுண்டு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை எடுப்பது, எம்பிப் பிடிப்பது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது முதுகால் தள்ளினால் அவர் ஞாபகம்தான் வருகிறது.

ஹார்லெம் ரசிகன்

ஜெர்சிவாசி, ஒரு பையன் ஒரு காலையில் தோற்றதை வைத்துத் தெரு ஆட்டமே மட்டம் என்கிற தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

ரக்கர் பார்க் பேரைக் கேட்டதில்லையா? நியூயார்க் ஹார்லெமில், 155-வது தெரு. தெரு ஆட்டத்துக்குப் பேர் போன கோர்ட். எழுபதுகளில் ப்ரோ நட்சத்திரம் ஜூலியஸ் எர்விங் அங்கே ஆடினார். தெரு ஆட்டக்காரர் ஜோ ஹாமண்டை 1971-ல் என்பிஏ (அமெரிக்க ப்ரோ லீக்) அணியான லேக்கர்ஸ் தேர்ந்தெடுத்தும் அவர் போகவில்லை. தெருவிலேயே பேரெடுத்த எர்ல் மானிகால்ட் என்பிஏவில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை; அவரைப் புகழ்ந்தது யார்? என்பிஏ நட்சத்திரம் கரீம் அப்துல் ஜபார். ரேஃபர் ஆல்ஸ்டன், அதாவது 'ஸ்கிப் டு மை லூ', தெருவிலிருந்து போய் 2009 என்பிஏ ஃபைனல்ஸில் ஆர்லாண்டோ அணிக்கு பாயிண்ட் கார்டாக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, ஆடினார். இதெல்லாம் கணக்கில் வராதா?

நான் ஒரே ஒரு தடவை அங்கே போனேன், வேலிக்கு வெளியே நின்றேன். மைக்கில் ஒருவன் ஆடுகிறவர்களை விடாமல் கலாய்த்துக்கொண்டிருந்தான். ஒரு குள்ளப் பையன் எதிராளியின் இரண்டு காலுக்கு நடுவே பந்தை உருட்டி, சுற்றிப் போய் எடுத்தான். ஆட்டம் அப்படியே நின்றது, ஜனம் உள்ளே புகுந்துவிட்டது. பந்தை ரிங்கில் போட்டானா என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஜெர்சிவாசி

மட்டம் என்று எங்கே எழுதினேன்? ஆனால் நீங்கள் சொன்ன ஆல்ஸ்டனையே பாருங்கள். என்பிஏ போனதும் அந்த வித்தையில் முக்கால்வாசியை மூட்டை கட்டிவிட்டு, நேரத்துக்கு பாஸ் கொடுக்கிற சாதாரண பாயிண்ட் கார்டாகத்தானே ஆடினார்? 2011-ல் என்பிஏ நட்சத்திரம் கெவின் டுரான்ட் அதே ரக்கருக்கு வந்து 66 பாயிண்ட் போட்டதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். என்பிஏவில் ஆடிய பிரையன் ஸ்காலபிரினியை விட்டுவிட்டீர்கள். பெஞ்சைத் தேய்த்தவர் என்று ஊரே கேலி செய்த ஆள், ஓய்வுபெற்ற பிறகு பாஸ்டன் பக்கத்து ஆட்கள் நாலு பேரோடு ஒண்டிக்கு ஒண்டி ஆடினார். நாலு ஆட்டமும் சேர்த்து 44-6.

ஸ்கார்பரோ மச்சான்

சண்டை வேண்டாம், எனக்கு நடந்தது நேர் தலைகீழ். நான் ப்ரோ இல்லை, ஆனால் இங்கே யுனிவர்சிட்டி டீமில் நாலு வருடம் ஆடியவன். மச்சான் ஒருவன் கூப்பிட்டான் என்று அவன் வீட்டுப் பக்கத்து கோர்ட்டுக்குப் போனேன். எதிரே ஐம்பது வயது ஐயா ஒருத்தர், ஜீன்ஸ் பேன்ட்.

வலது பக்கம் போனால் என்னை விட்டுவிடுகிறார், இடது பக்கம் போனால் மறிக்கிறார். சரி, வலதே போவோம் என்று போனேன். மூன்றாவது தட்டில் பந்து கையை விட்டு எங்கோ ஓடியது. மறுபடி அதே இடம், மறுபடி அதே கதை. குனிந்து பார்த்தால் தாரில் ஒரு வெடிப்பு, விரல் நுழைகிற அகலம். மனிதர் ஆட்டம் முழுக்க என்னை அந்த வெடிப்புக்கே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ரிங்கும் ஒரு பக்கம் சரிந்தது. எங்கே பட்டால் எங்கே விழும் என்று அவருக்கு அத்துப்படி. நான் ஃபவுல் கேட்டபோது, "ரெஃபரியைக் கூட்டிக்கொண்டா வந்தனீர் தம்பி?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

11-7, அவருக்கு. அந்த நாலு வருடமும் மரத்தரையில் ஆடியவன் நான்.

போன வருடம் அங்கே புதிதாகத் தார் போட்டுவிட்டார்களாம். திரும்பப் போய் ஆடலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் போகவில்லை.

கோச் மாதிரி

எல்லாம் படித்தேன். நானும் ஒரு தடவை ஒரு ஸ்டேட் பிளேயரிடம் மாட்டினேன், அதை விடுங்கள். ஜெர்சிவாசி, உங்கள் ராஜாவுக்கு என்ன குறை என்றால் கால். பசங்க மணிக்கணக்கில் பந்து தட்டுவார்கள், ஸ்லைடு பண்ணச் சொன்னால் ஓடிவிடுவார்கள். தினமும் ஸ்கிப்பிங் பத்து நிமிடம். அப்புறம் ரிங்குக்குக் கீழே இருக்கும் கட்டத்தின் குறுக்கே இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் ஸ்லைடு, முட்டி மடங்கியிருக்க வேண்டும், கால் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. முப்பது நொடி போய் முப்பது நொடி ஓய்வு, ஆறு செட். தோளும் தலையும் பொய் சொல்லும், பந்து பொய் சொல்லும், இடுப்பு போகிற இடத்துக்குத்தான் ஆள் போவான். ஆகவே இடுப்பைப் பார்க்கப் பழக்குங்கள்.

ஷாட்டும் அப்படித்தான். தெருவில் மூன்று பாயிண்ட் கோடே (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று) இருக்காது, இருந்தாலும் யாரோ சாக்பீஸில் போட்டது. சர்வதேச ஆட்டத்தில் 6.75 மீட்டர், என்பிஏவில் உச்சியில் 7.24. டேப் வைத்து அளந்து பெயிண்ட் அடித்துக்கொண்டு பழகுங்கள். தாரில் ஆட வெளி ரப்பர் பந்துதான், தோல் பந்தை அங்கே கொண்டு போனால் சீக்கிரமே தேய்ந்து வழுக்கும். ஷூவில் மெத்தை கனமாக இருக்கட்டும். 35 வயதுக்கு மேல் தார்த் தரையில் வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ஆடி முடித்து முழங்கால் வலித்தால் ஐஸ் வையுங்கள். இன்னொன்று, த்ரீ-எக்ஸ்-த்ரீ, அதாவது மூன்று பேருக்கு மூன்று பேர் ஒரே ரிங்கில் ஆடுவது, பழகட்டும். 12 நொடிக்குள் ஷாட் போட வேண்டும், முதலில் 21 எடுத்தவன் ஜெயித்தான், பத்தே நிமிடம். தெருப் பையன்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவுக்கு அமெரிக்க ஆண்கள் அணியால் தகுதி பெறவே முடியவில்லை, தங்கம் லாட்வியாவுக்குப் போனது.

ஜெர்சிவாசி

கோச் சார், என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. நான் கை கொடுக்கப் போனது தப்பா என்றுதான் கேட்க வந்தேன்.

எழும்பூர் பழசு

தப்புதான் தம்பி. முதலில் ராஜாவிடம் போயிருக்கணும்.